மாதச் சம்பளத்தை வாரக் கணக்கில் பாருங்கள்!

(செபராங் பிறையில், ஹோட்டல் மற்றும் உணவகத் தொழிலாளர் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் நன்றி. உங்களில் பலருக்கு இன்று ஓய்வு நாள் கூட இல்லை. காலையில் கடையைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கேட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஒரு மணி நேர உழைப்பின் விலை என்ன?

"மாசம் என்ன சம்பளம்?" என்று கேட்டால் யாரும் உடனே சொல்லிவிடுவீர்கள். "ஆயிரத்து எழுநூறு, அண்ணே." "ரெண்டாயிரம், சாப்பாடு கடையில." ஆனால் மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. நான் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் எனக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

நம் பெற்றோரின் கதையும் நம் கதையும்

நம்மில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மா பால் மரம் வெட்டியவர். அன்று நாள் சம்பளம். விடியற்காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வேலை இல்லை, காசும் இல்லை. நவம்பர் மாதம் வந்தால் வீட்டில் அடுப்பே பயந்து பயந்துதான் எரியும். அதனால்தான் தோட்டப்புறத்தில் "எங்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும்" என்ற குரல் பல்லாண்டு காலம் ஒலித்தது. மாதச் சம்பளம் என்றால் மழையிலும் சோறு உண்டு என்று அர்த்தம். அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன. பால் மரம் நின்ற இடத்தில் தாமான் வந்தது, தொழிற்பேட்டை வந்தது. லயத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போனோம். காவல் வேலைக்குப் போனோம். பத்து ஃபிரிங்கி ஹோட்டல்களுக்கும், ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் உணவகங்களுக்கும் போனோம். அறை துடைக்க, துணி வெளுக்க, தட்டு கழுவ, ரொட்டி சானாய் போட, தண்ணீர் கலக்க, கல்யாண விருந்தில் சாப்பாடு தூக்க.

இங்கே நமக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. ஆனால் என்ன நடந்தது? அன்று நம் பெற்றோர் பாதுகாப்பு என்று நினைத்துக் கேட்ட அந்த "மாதம்" என்ற சொல், இன்று நம் நேரத்தை ஒளித்து வைக்கும் கோணிப்பையாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தொகை. அந்தப் பைக்குள் எத்தனை மணி நேரம் திணித்தாலும் தொகை மாறுவதில்லை. பத்து மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா, ஞாயிற்றுக்கிழமையா, மே தினமா, எல்லாம் அதற்குள்ளேயே!

அந்தப் பையை இன்று இங்கே கொட்டி எண்ணிப் பார்ப்போம்.

சட்டம் சொல்லும் வாரம்

2013ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் அன்று 900 ரிங்கிட். படிப்படியாக ஏறி 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு மட்டும் 2025 ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசமும் முடிந்துவிட்டது. ஆக, "நம்மது சின்னக் கடை, நமக்கு அது பொருந்தாது" என்று இனி எந்த முதலாளியும் சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம் நேரம். முன்பு வாரத்துக்கு 48 மணி நேரம். 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரம்தான். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. 45 மணிக்கு மேல் வேலை வாங்கினால் அது ஓ.டி. சாதாரண நாளில் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1,700ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 392 வெள்ளி 31 காசு. அதை 45 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இது நான் கண்டுபிடித்த எண் இல்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணையிலேயே மணிக்கணக்கு ஊழியருக்கு இதுதான் விகிதம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு.

இந்த மூன்று எண்களையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாரம் 392.31. நாள் 65.38. மணி 8.72.

ஒரு வாழை இலைக் கடையின் கணக்கு

ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். வாழை இலை உணவகத்தில் வேலை. மாதம் 1,700 "கட்டாக". காலை எட்டு மணிக்கு வருகிறார், மாலை ஏழரைக்குப் போகிறார். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அப்படியானால் நாளுக்குப் பத்தரை மணி நேர வேலை. ஆறு நாளுக்கு 63 மணி நேரம்.

சட்டப்படி 45 மணி நேரத்துக்கு 392.31 வெள்ளி. மிச்சம் 18 மணி நேரம் ஓ.டி. ஒன்றரை மடங்கு என்றால் மணிக்கு 13 வெள்ளி 8 காசு. பதினெட்டு மணிக்கு 235 வெள்ளி 44 காசு. ஆக மொத்தம் அந்தத் தம்பிக்கு வாரத்துக்கு வர வேண்டியது 627 வெள்ளி 75 காசு.

அவருக்கு வருவது? 392.31 மட்டும்தான். அதை 63 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 6 வெள்ளி 23 காசு!

பார்த்தீர்களா? சீட்டில் 1,700 என்று எழுதியிருக்கிறது. யார் கேட்டாலும் "குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கிறேன்" என்று முதலாளி காட்டலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் 235 வெள்ளி அந்தத் தம்பியின் பையிலிருந்து போகிறது. மாதத்துக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். பிள்ளையின் டியூஷனும், மோட்டார் சைக்கிள் தவணையும், வீட்டு வாடகையும் அதில்தான் இருந்தன.

மாதமாகப் பார்த்தால் இது தெரியாது. வாரமாகப் பார்த்தால்தான் தெரியும். ஏனென்றால் சட்டம் நேரத்தை வாரத்தில்தான் அளக்கிறது. முதலாளி சம்பளத்தை மாதத்தில் அளக்கிறார். இரண்டு அளவுகோலுக்கும் நடுவில்தான் நம் உழைப்பு காணாமல் போகிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. உடைந்த ஷிப்ட். காலை பத்துக்கு வந்து மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். பிறகு மாலை ஆறுக்கு வந்து இரவு பதினொன்று வரை. "நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு கொடுத்தேனே" என்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது? வேலை தொடங்கிய நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் அன்றைய வேலை அடங்க வேண்டும். பத்துக்குத் தொடங்கினால் இரவு எட்டோடு அந்தப் பத்து மணி நேரம் முடிகிறது. எட்டுக்குப் பிறகு செய்யும் மூன்று மணி நேரமும் முழுக்க ஓ.டி.யாகத்தான் கணக்கு. அந்த மூன்று மணி நேரம் பிள்ளைகள் தூங்கப் போகும் நேரம். அது இனாம் இல்லை.

ஓய்வு நாளும் அப்படித்தான். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உங்கள் உரிமை. அன்று வரச் சொல்லி முழு நேரம் வேலை வாங்கினால் மாதச் சம்பளக்காரருக்கு இன்னொரு நாள் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மே தினத்தில் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் கூடுதலாக. 1,700 வாங்குகிறவருக்கு அது 130 வெள்ளி 76 காசு. மே தினத்தன்று கடையில் கூட்டம் அலை மோதும். உங்கள் சீட்டில் அந்த 130 வெள்ளி இருந்ததா? வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கல்யாண மண்டபத்திலும் ஹோட்டல் விருந்திலும் நாள் கூலிக்குப் போகும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை எட்டு மணி நேரம் நின்றால் குறைந்தது 69 வெள்ளி 76 காசு வர வேண்டும். ஏஜெண்டு 60 வெள்ளியைக் கையில் வைத்து "நல்லா செஞ்சே, தம்பி" என்று தோளைத் தட்டினால் சந்தோஷப்பட்டு வந்துவிடாதீர்கள். அறைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் இடத்தில் அறை துடைக்கும் அக்காமார்களுக்கும் இதே விதிதான். அறைக் கணக்கு எப்படிப் போட்டாலும் மாதச் சம்பளம் 1,700க்குக் கீழே இறங்கக் கூடாது.

சேவைக் கட்டணம் யாருடைய பணம்?

இப்போது ஹோட்டல்காரர்களுக்கு வருகிறேன். இது என் சொந்தக் கதையும்தான்.

ஹோட்டல் ரசீதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இரண்டு வரி இருக்கும். ஒன்று சேவை வரி. அது அரசாங்கத்துக்குப் போவது. இன்னொன்று சேவைக் கட்டணம், பெரும்பாலும் பத்து விழுக்காடு. அது அரசாங்கத்துக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. ஊழியர்களுக்காக வாடிக்கையாளர் கொடுப்பது. அதை மொத்தமாகச் சேர்த்து, ஊழியர்களின் பாயிண்ட் கணக்கில் பிரித்துக் கொடுப்பார்கள். நாம் "சர்வீஸ் பாயிண்ட்" என்கிறோமே, அதுதான்.

நான் 1991இல் ஒரு ஹோட்டலில் சேர்ந்தேன். துணி வெளுக்கும் பகுதி. சங்கம் இல்லாத ஹோட்டல். அடிப்படைச் சம்பளம் குறைவு, பாயிண்ட் அதிகம். சுற்றுப்பயணிகள் நிறைய வரும் மாதங்களில் கை நிறையக் காசு வரும். அடிப்படைச் சம்பளம் என்ன என்று நாங்கள் பார்த்ததே இல்லை. கைக்கு வருவது எவ்வளவு என்பதுதான் பேச்சு.

2012இல் என் அடிப்படைச் சம்பளம் 520 வெள்ளி. பாயிண்ட் ஏறக்குறைய 700. மொத்தம் 1,220. மறு ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 900 வந்தது. நியாயப்படி என்ன ஆகியிருக்க வேண்டும்? அடிப்படை 900, பாயிண்ட் 700, மொத்தம் 1,600. ஆனால் எங்களைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். "அடிப்படைச் சம்பளம் 900 ஆகிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. போட்டோம். மாதக் கடைசியில் சீட்டு வந்தது. அடிப்படை 900. பாயிண்ட் 320. மொத்தம் அதே 1,220!

அதாவது எங்கள் பாயிண்டிலிருந்து 380ஐ எடுத்து, எங்களுக்கே "சம்பள உயர்வு" என்று கொடுத்தார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 88 வெள்ளி. இடது சட்டைப் பையிலிருந்து எடுத்து வலது சட்டைப் பையில் வைத்ததற்கு நாங்கள் கை தட்டினோம்.

இது என் ஹோட்டலில் மட்டும் நடந்ததல்ல. பல ஹோட்டல்கள் இந்த வழியைத்தான் பிடித்தன. ஹோட்டல், பார், உணவகத் தொழிலாளர் தேசிய சங்கம் இதை விடவில்லை. தொழில் நீதிமன்றத்தில் தொடங்கி மேலே மேலே போய், 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சேவைக் கட்டணம் வாடிக்கையாளர் ஊழியருக்காகக் கொடுத்த பணம், அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் முதலாளியின் சொந்தப் பணத்திலிருந்து வர வேண்டும். நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன வார்த்தை இது. இதற்கு மேல் நீதிமன்றம் இல்லை.

எட்டு ஆண்டு ஆயிற்று பாருங்கள். சங்கம் இருந்ததால் எட்டு ஆண்டில் முடிந்தது. சங்கம் இல்லாத எங்களுக்காக வழக்காட அப்போது யாரும் இல்லை.

சேமநிதியில் விழும் ஓட்டை

"சரி, அடிப்படையோ பாயிண்டோ, கைக்கு வந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் சேவைக் கட்டணம் சம்பளமாகக் கணக்கில் வராது. ஓ.டி.யும் வராது. அதற்கு இபிஎஃப் பிடிக்க மாட்டார்கள். முதலாளியும் தன் பங்கைக் கட்ட மாட்டார். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்தால் உங்கள் சேமநிதியும் சின்னதாகவே இருக்கும்.

என் கணக்கையே பாருங்கள். 2012இல் என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 24. 520க்குக் கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 125 வெள்ளி. நான் சம்பாதித்த 1,220க்கும் பிடித்திருந்தால் 293 வெள்ளி. மாதம் 168 வெள்ளி சேமநிதிக்குப் போகவில்லை. இப்படி இருபது ஆண்டுக்கு மேல்! தொழிற்சாலையில் என்னைப் போலவே 1,220 அடிப்படைச் சம்பளமாக வாங்கிய என் தங்கை கணவருக்கு மாதாமாதம் அந்தப் பணம் சேர்ந்தது. அதற்கு லாப ஈவும் சேர்ந்தது.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஹோட்டலில் ஆளில்லை. ஆளில்லை என்றால் பாயிண்டும் இல்லை. இருபத்தொன்பது ஆண்டு வேலை செய்தவனுக்கு வெறும் அடிப்படைச் சம்பளம். சில மாதத்தில் வேலையும் போனது. 55 வயது ஆனபோது சேமநிதிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டு வந்தார். இன்று நான் ஒரு தாமானில் காவல் வேலை செய்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். சீட்டை வாங்கியதும் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். முதல் வரியைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம்தான் உங்கள் ஓ.டி.க்கு அடி, சேமநிதிக்கு அடி. பாயிண்ட் வரும், போகும். வீட்டுக்கு அஸ்திவாரம் அடிப்படைச் சம்பளம்.

"நம்ம ஆள்தானே!"

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். உணவகம் என்று வரும்போது நமக்கு முதலாளி பெரும்பாலும் நம் ஆள்தான். ஒரே ஊர், ஒரே கோயில், சில சமயம் சொந்தக்காரர். பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்பணம் கொடுப்பார். அவரிடம் போய் ஓ.டி. கேட்க நாக்கு வராது. அவரும் அதைத்தான் சொல்வார்: "தம்பி, நம்மளுக்குள்ள என்ன கணக்கு?"

நான் அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் விலை, கோழி விலை, கடை வாடகை எல்லாம் ஏறிவிட்டது. சின்னக் கடை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடைக்காரர் கோழிக்காரரிடம் "நம்மளுக்குள்ள என்ன கணக்கு" என்று சொல்வாரா? கேஸ் சிலிண்டருக்குச் சொல்வாரா? நம் உழைப்புக்கு மட்டும் ஏன்? முழு ஓ.டி. கொடுக்க முடியாது என்றால் நேரத்தைக் குறைக்கட்டும். ஏழரைக்குப் பதில் நாலரைக்கு வீட்டுக்கு அனுப்பட்டும். அதுவும் நியாயம்தான். நேரத்தையும் எடுத்துக்கொண்டு காசையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை.

சாப்பாடு போடுகிறேன், தங்க இடம் கொடுக்கிறேன் என்பார்கள். நல்லது. ஆனால் சட்டப்படி சாப்பாடும் இடமும் சம்பளமாகாது. 1,700 தனி, சோறு தனி. தட்டு உடைந்தது, கண்ணாடி உடைந்தது என்று முதலாளி தானாகச் சம்பளத்தில் வெட்டவும் முடியாது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் தோசைக் கல்லில் நிற்கும் சமையல்காரர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவராக இருக்கலாம். தட்டு கழுவுகிறவர் பங்களாதேஷ்காரராக இருக்கலாம். "அவர்களால்தான் நமக்குச் சம்பளம் ஏறவில்லை" என்று நாம் பேசிக்கொள்கிறோம். யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல் அவர்களுக்கும் சேமநிதி கட்டாயம். அவர் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. அவரைக் குறைந்த சம்பளத்துக்குப் பதினான்கு மணி நேரம் வேலை வாங்க முடிகிறவரை உங்களுக்கு யாரும் நல்ல சம்பளம் கொடுக்க மாட்டார்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் நம் பாட்டன்மார்களும் கப்பலில் இப்படித்தான் வந்தார்கள். அவர் உரிமை நிற்கிற இடத்தில்தான் உங்கள் உரிமையும் நிற்கும்.

நாளை காலையிலிருந்து என்ன செய்யலாம்?

வீராவேசமாகப் பேசிவிட்டு உங்களை வெறுங்கையோடு அனுப்ப நான் விரும்பவில்லை.

முதலில், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. தேதி, வேலை தொடங்கிய நேரம், சாப்பாட்டு நேரம், முடித்த நேரம். அவ்வளவுதான். வாரக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து கூட்டுங்கள். நீங்கள் களைத்துப் போய் வந்தால் மனைவி எழுதட்டும், படிக்கிற பிள்ளை கூட்டிப் பார்க்கட்டும். கணக்குப் பாடம் படித்த மாதிரியும் ஆயிற்று. அப்பா எவ்வளவு உழைக்கிறார் என்று பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அடிப்படை, ஓ.டி., பிடித்தம் எல்லாம் தனித்தனியாகக் காட்டுவது முதலாளியின் கடமை. சம்பளமும் மறு மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, இபிஎஃப், சொக்சோ கணக்கைக் கைப்பேசியில் பாருங்கள். பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று அங்கே தெரியும். சேமநிதி சேவைக் கட்டணத்தைக் கணக்கில் எடுக்காது என்றேன். ஆனால் சொக்சோ எடுக்கும். நாளைக்கு விபத்தோ வேலை இழப்போ வந்தால் அந்தக் கணக்கில்தான் உதவி வரும். அதனால் பாயிண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, தனியாகப் போகாதீர்கள். ஒரே கடையில் நான்கு பேர் நான்கு நோட்டுப் புத்தகத்தோடு மரியாதையாகப் போய்க் கேளுங்கள். ஹோட்டல் என்றால் சங்கத்தில் சேருங்கள். கேட்டும் பலன் இல்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே புகார் செய்யக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. உங்கள் நோட்டும் சீட்டும்தான் உங்கள் வக்கீல். குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்காத முதலாளிக்கு ஓர் ஊழியருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அறுபத்தோராம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். இந்த எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள்.

பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. வாடகை வீடு, பிள்ளை படிப்பு, கடன். ஆனால் கேட்காமல் இருந்த என் இருபத்தொன்பது ஆண்டுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் நல்ல வேலைக்காரன் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்னும் சுவரில் தொங்குகிறது. அதைக் கொண்டு அரிசி வாங்க முடியவில்லை.

நாம் யாரிடமும் தானம் கேட்கவில்லை. சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்ததைத்தான் கேட்கிறோம். நம் உழைப்பை நாமே எண்ணாவிட்டால் வேறு யார் எண்ணப் போகிறார்கள்?

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் போன மாதச் சீட்டை எடுங்கள். முதல் வரியைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். வகுத்துப் பாருங்கள். எட்டு வெள்ளி எழுபத்திரண்டு காசுக்குக் கீழே வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டோடு இங்கே வாருங்கள். எனக்கு அன்று காவல் வேலை ராத்திரிதான். மதியம் முழுக்க உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.